புதிய கடல்நீர்த் தொட்டிக்கு முதல் மீன்: டாம்சல், க்ரோமிஸ், கோமாளி, கார்டினல், ஃபயர்ஃபிஷ் – ஓர் ஒப்பீடு

கடல்நீர்த் தொட்டியில் நச்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாக்டீரியாக்களால் பூச்சியத்துக்கு இறங்கி, அவை மாறிய, தீங்கு குறைந்த நைட்ரேட் மட்டும் மெல்லத் தலைகாட்டத் தொடங்கியதும், நான்கு முதல் ஆறு வாரங்களாக வெறும் பாறையையும் மணலையும் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பொறுமை போய்விடுவது இயல்புதான். எந்த மீனை முதலில் விடுவது என்று கேட்டால், எளிதில் சாகாத மீனை விடுங்கள் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்த அளவுகோலை நான் ஏற்பதில்லை. 150 முதல் 200 லிட்டர் வரை கொள்ளும் தொட்டியில் முதலில் குடியேறும் மீன் பாறையிடுக்குகள் அனைத்தையும் தன்னுடையதாகவே எண்ணிக்கொள்கிறது. பின்னால் வருபவற்றுக்கு அங்கே இடம் உண்டா இல்லையா என்பதை அதன்பின் நாம் முடிவுசெய்வதில்லை, அந்த மீன்தான் முடிவுசெய்கிறது. எனவே, எது தாக்குப்பிடிக்கும் என்பதோடு, எது அடுத்ததை வாழவிடும் என்பதையும் சேர்த்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

டாம்சல் மீன்களுக்கு ஏற்பட்ட நற்பெயர் பழைய வழக்கம் ஒன்றிலிருந்து வந்தது. அம்மோனியாவை மாற்றும் அந்த நல்ல பாக்டீரியாக்கள் பெருகவே அம்மோனியா வேண்டும். அதை உயிருள்ள மீனின் கழிவிலிருந்தே பெற்றுவந்த காலத்தில், அந்த வாரங்களைத் தாண்டி உயிரோடிருக்கும் மீன் தேவைப்பட்டது. கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், கரைந்துள்ள அம்மோனியாவில் நச்சு மிகுந்த வடிவத்தின் பங்கு நன்னீர்த் தொட்டிகளில் வழக்கமாக இருப்பதைவிட அதிகம். அது செவுள்களை எரிக்கும் நாட்களைத் தாண்டி நின்றது என்பதே டாம்சலின் தகுதியாகிவிட்டது. இன்று அம்மோனியம் குளோரைடு கரைசலோ ஒரு துண்டு இறாலோ அதே வேலையைச் செய்துவிடுகிறது. தேவையே இல்லாமற்போன ஒரு தகுதிக்காக ஒரு முரடனைக் குடிவைப்பானேன்?

முரடன் என்பது மிகையல்ல. கரிய உடலில் மூன்று வெண்புள்ளிகளோடு கடையில் விரல்நகம் அளவே இருக்கும் டாமினோ டாம்சல் 14 செ.மீ. வரை வளரும், அதன் வரிகொண்ட உறவினம் 10 செ.மீ. வரை வளரும், இரண்டுமே கண்ணாடி துடைக்க நுழையும் கையைக்கூட முட்டித் தள்ளும். பாறைகள் நிறைந்த தொட்டியிலிருந்து அவற்றை வலைபோட்டுப் பிடிப்பது நடக்காத காரியம். என் முதல் தொட்டியிலிருந்து ஒரே ஒரு டாமினோவை வெளியேற்றப் பாறைகளை ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றினேன். மணல் கலங்கி எதுவும் தெரியாமற்போன பிறகு, கடைசிப் பாறையைத் தூக்கியபோது அதன் பொந்துக்குள்ளிருந்தே அது வாளியில் வந்து விழுந்தது. இந்தக் குடும்பத்தில் ஒப்பளவில் சாதுவானது மஞ்சள்வால் டாம்சல்; அதையும் வைப்பதானால் கடைசியாகவே வைக்க வேண்டும்.

அடுத்ததாகப் பரிந்துரைக்கப்படுவது நீலப்பச்சை க்ரோமிஸ். அதுவும் டாம்சல் குடும்பத்தைச் சேர்ந்ததே என்றாலும் பிற இனங்களிடம் வம்புக்குப் போவதில்லை. ஆறேழு மீன்கள் ஒன்றாகத் திரும்பும்போது ஒளி அவற்றின்மேல் பட்டுச் சிதறும் அழகுக்காகவே பலர் அவற்றை வாங்குகிறார்கள். ஆனால் பவளப்பாறைகளில் பெருங்கூட்டமாக வாழும் இந்த மீன் சிறு தொட்டியில் தன் இனத்துக்குள்ளேயே அடுக்கு வகுத்துக்கொள்கிறது. அடுக்கின் கடைசியில் இருப்பது துரத்தப்பட்டு, உணவின்றி மெலிந்து ஒரு நாள் காணாமற்போகும். உடனே அதற்கு மேலே இருந்தது கடைசியாகிவிடும். ஏழாக வாங்கியது ஓராண்டுக்குள் இரண்டாகவோ ஒன்றாகவோ குறைவது பலரும் கண்டதுதான். உடலில் சிவந்த புண்ணை உண்டாக்கும் யூரோனீமா என்ற ஒட்டுண்ணியும் இவற்றை அடிக்கடி தாக்குகிறது. முதல் தொகுதியாகவே ஏழு மீன்களை விடுவது இளம் பாக்டீரியாத் தொகுதிக்குத் தாங்காத சுமை என்பதையும் சேர்த்தால், சாதுவாகத் தோன்றும் இந்தத் தேர்வு பெரிய தொட்டிக்கே உரியது.

கோமாளி மீனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆசெல்லாரிஸ் வகைக் கோமாளிகள் இப்போது பெருமளவில் பண்ணைகளிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்படுகின்றன. அவை பிறந்தது முதல் தொட்டி நீருக்கும் குருணை உணவுக்கும் பழகியவை. கடலில் பிடிக்கப்பட்டவற்றை இரண்டே நாட்களில் வெண்சளி மூடிக் கொல்லும் புரூக்ளினெல்லா என்ற நோய் பண்ணை மீன்களில் மிகக் குறைவு. இவை கடலில் தஞ்சம் புகும் பூப்போன்ற உயிரியான கடற்சாமந்தி இல்லாவிட்டால் இவை வாழாது என்ற எண்ணம் தவறு. பாறையின் ஒரு மூலையிலோ நீரேற்றியின் ஓரத்திலோகூடக் குடியமைத்துக்கொள்ளும். மாறாக, கடற்சாமந்திதான் நிலைபெறாத புதிய தொட்டியில் வாழாது. இரண்டு குஞ்சுகளை வாங்கினால் ஆண், பெண் பார்க்க வேண்டியதில்லை. எல்லாமே ஆணாகவே முதிர்கின்றன, அவற்றுள் வலியது பெண்ணாக மாறிவிடுகிறது. சிறியது பெரியதன் முன் சாய்ந்து உடலை நடுக்கிக் காட்டுவதைக் கண்டால், யார் பெரியவர் என்ற வழக்கு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். குறை ஒன்றுதான்: இணை கூடி முட்டையிடத் தொடங்கியபின் அந்த மூலையை நெருங்கும் எதையும் அவை விரட்டும். ஆகவே கோமாளிகளுக்கு நான் தருவது இரண்டாம் இடம்.

முதலிடத்துக்கு உண்மையான போட்டி பங்காய் கார்டினலுக்கும் ஃபயர்ஃபிஷுக்கும் இடையில்தான். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளை ஒட்டிய சிறு பரப்பில் மட்டுமே இயற்கையாக வாழும் கார்டினல், அலங்கார மீன் வணிகத்துக்காக மிகையாகப் பிடிக்கப்பட்டதால் 2007-இல் அழிவபாயத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதனால் பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்க வேண்டும். வெள்ளிநிற உடலில் கருங்கோடுகளோடு அசையாமல் மிதந்து நிற்கும் இந்த மீன் பிற இனங்களை விரட்டுவதில்லை. முட்டைகளை ஆண் மீன் தன் வாயிலேயே அடைகாக்கும். கூட்டமாக வாங்குவது மட்டும் பிழை, ஏனெனில் இரண்டு ஆண்கள் ஒத்துப்போவதில்லை. ஃபயர்ஃபிஷ் இதைவிடக் கூச்சமுள்ளது. முன்பாதி வெண்மையாகவும் வால்புறம் செந்தழலாகவும் உள்ள அந்த ஒல்லியான மீன், நிழல் பட்டாலே பொந்துக்குள் பாய்ந்து மறையும். சண்டைக்கார மீன்கள் ஏற்கெனவே உள்ள தொட்டியில் விட்டால் அது உண்ணவே வெளியே வராது. வெற்றுத் தொட்டியில் முதலாவதாக விட்டால் இரண்டு வாரங்களில் தன் பொந்தைத் தேர்ந்து நீரோட்டத்தின் முன் துணிவாக நிற்கும். முதல் உரிமை பெறாவிட்டால் அதிகம் இழப்பது அதுவே என்பதால் ஃபயர்ஃபிஷையே முதலில் விடச் சொல்வேன். மிரண்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும் என்பதால் தொட்டிக்கு மூடியோ நுண்வலையோ கட்டாயம். விரல் நுழையும் இடைவெளிகூட அதற்குப் போதும்.

கரீபியன் கடலின் ராயல் கிராமா, முன்பாதி ஊதாவும் பின்பாதி மஞ்சளுமாக, உறுதியும் அழகும் ஒருங்கே கொண்டது. ஆனால் தான் பிடித்த குகையை வாய் பிளந்து மிரட்டிக் காக்கும். அதைக் கடைசியில் சேர்த்தால் அந்த மிரட்டலோடு நின்றுவிடும். டாங் இன மீன்களும் மாண்டரின் மீனும் இந்தப் போட்டியிலேயே இல்லை: மஞ்சள் டாங் 20 செ.மீ., நீல டாங் 30 செ.மீ. அளவுக்கு வளரக்கூடியவை, மாண்டரினோ பாறையில் ஊரும் கோப்பிபாடுகள் என்ற நுண்ணிய சிற்றுயிர்களை நாள் முழுதும் கொத்தித் தின்பது, அவை பெருகாத புதிய தொட்டியில் பட்டினியால் சாகும்.

ஒரு சேர்க்கைக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு வாரமாவது விட வேண்டும். பாக்டீரியாத் தொகுதி கிடைக்கும் அம்மோனியாவின் அளவுக்கே பெருகுவதால், ஒவ்வொரு புதிய மீனுக்கும் அது மீண்டும் வளர வேண்டியிருக்கிறது. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகாரியான் ஒரு முறை பாறைகளுக்குள் புகுந்துவிட்டால், அதைக் கொல்லும் தாமிர மருந்தை இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் ஊற்ற முடியாது. ஆகவே அந்த நான்கு வாரங்களையும் அடுத்த மீன் பாறையற்ற தனித் தொட்டியில் கழிப்பது, பாக்டீரியா வளர்வது, நோய் உள்ளே வராமல் காப்பது என்ற இரண்டு தேவைகளையும் ஒரே காத்திருப்பில் முடித்துவிடும்.