பேனிக் அட்டாக்குக்கு சிபிடி: சில ஆண்டுகளுக்குப் பிறகு

சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை) உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பேனிக் அட்டாக்குக்காக, அதாவது திடீரென்று படபடப்போடு வரும் கடும் பயத்துக்காக, நான் அதை எடுத்து முடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வுக்காக இதை உருவாக்கிய கதையெல்லாம் எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன்: எண்ணங்களை எழுதும் தாள். என்ன நடந்தது, என்ன தோன்றியது, அதை 0 முதல் 100 வரை எவ்வளவு நம்புகிறீர்கள், அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், இப்போது எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கட்டம் கட்டமாகப் போகும். நெஞ்சு படபடக்கும் நேரத்தில் சதவீதம் கேட்டால் கோபம்தான் வரும். 'செத்துவிட மாட்டேன்' என்று எழுத முடிகிறது, உடம்பு நம்ப மறுக்கிறது. நியாயமாகச் சொன்னால், பல வாரம் எழுதிய பிறகு தாள் இல்லாமலே அந்தக் கேள்விகள் மனதில் எழுந்தன. அப்படியும் அந்தத் தாள் எனக்குப் பிடிக்கவில்லை.

என்னை மாற்றியது வேறு. மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொன்னார்கள், நாற்காலியில் சுற்றச் சொன்னார்கள், படியேறி ஓடச் சொன்னார்கள். (இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகுதான்.) படபடப்பை மாரடைப்பு என்று மனம் எடுத்துக்கொள்கிறது, அந்தப் பயமே படபடப்பைக் கூட்டுகிறது. 1986இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் விளக்கிய சுழல் இது. அதே படபடப்பை நாமே வரவழைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பத் திரும்பப் பார்க்கும்போது பயம் பிடியை விடுகிறது. கூடவே நாடியைத் தொட்டுப் பார்ப்பது, வாசலோரம் உட்காருவது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகாதது என்று என்னைக் காப்பாற்றுவதாக நான் நம்பிய பழக்கங்களை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார்கள். பாட்டில் இல்லாமல் கூட்டத்துக்குள் போய்வந்தபோது கிடைத்த தெம்பை எந்தத் தாளும் எனக்குத் தரவில்லை.

சிபிடி தரப்படும் மற்றப் பிரச்சினைகளிலும் செயல்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். மனச்சோர்வில் உற்சாகம் வரும்வரை காத்திருக்காமல் சிறு வேலைகளைத் தொடங்க வைக்கிறார்கள். ஓசிடியில் (வேண்டாத எண்ணங்களால் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கோளாறு) பயத்தை எதிர்கொண்டுவிட்டு, கை கழுவுவதைத் தள்ளிப்போட வைக்கிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் சிபிடியைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதில் படுக்கையில் கிடக்கும் நேரத்தையே குறைக்கிறார்கள். முதல் சில வாரங்கள் கடினம்.

சரி, மறுபடி எடுப்பேனா? இவ்வளவு சொன்ன பிறகும், இன்றைய மனநிலையில் மாட்டேன் என்றுதான் சொல்வேன். அந்தத் தாளை நினைத்தாலே சலிப்பு வருகிறது. ஆனால் நண்பரைப் போகச் சொல்லிவிட்டேன். அவருக்கும் பேனிக்தான். பயத்தை நேரில் எதிர்கொள்ளும் பயிற்சி உண்டா என்று முதல் சந்திப்பிலேயே கேட்கட்டும். வெறும் தாள்தான் என்றால் வேறு சிகிச்சையாளரைத் தேடட்டும்.