கண்ணை ஏமாற்றுவதில் எது மேல்: பாசி சூடும் நண்டா, பஞ்சு சுமக்கும் நண்டா?

சின்னமுட்டம் துறைமுகத்தில் வலை உதறிக் கழித்துப்போடும் குவியலைக் கிளறாமல் நான் வருவதில்லை. பாசிக்கொத்து ஒன்று மெல்ல நகர்ந்தால் அது அலங்கார நண்டு. ஓட்டின் மேல் கொக்கி போல வளைந்த முடிகள். பாசி, கடலடியில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு என்ற உயிரினத்தின் துணுக்கு என்று இடுக்கியால் கிள்ளி அதில் மாட்டிக்கொள்ளும். ஓடு கழற்றினால் வேலை மறுபடி முதலிலிருந்து. பழைய ஓட்டில் இருப்பதைப் பிடுங்கிப் புதியதில் வைப்பதும் உண்டு. எவ்வளவு பொறுமை!

பஞ்சு நண்டுக்கு அந்தப் பாடில்லை. கடற்பஞ்சை முதுகளவுக்கு வெட்டி, கடைசி இரண்டு ஜோடிக் கால்களால் தொப்பி போலப் பிடித்துக்கொள்ளும். பஞ்சின் சுவை பல மீன்களுக்கு ஆகாது, அதுவே காவல். ஆனால் அந்த நாலு கால்களும் நடக்க உதவாது.

கண்ணை ஏமாற்றுவதில் எனக்கு அலங்கார நண்டுதான் ஒரு படி மேல்.