அகழானைப் பிடிக்க எந்தக் கூடு வாங்கலாம்?

வளவில் மண் குவிந்து கிடந்தால் வெளிநாட்டு வீடியோக்களில் வரும், மண்ணுக்கடியில் வளை தோண்டும் 'மோல்' என்று நினைக்க வேண்டாம். அது இலங்கையில் இல்லை. கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து மணல் வளவுகளில் மதிலோரம் தோண்டுவது பெரும்பாலும் அகழான் என்ற பெருச்சாளிதான்.

மட்டக்களப்பு இரும்புக்கடைகளில் தொங்கும் சின்ன எலிக்கூடு இதற்குச் சரிவராது. ஒரு கிலோ வரை வளரும் உருப்படி முழுதாக உள்ளே போகுமுன் கதவு முதுகில் விழும். பின்வாங்கி ஓடினால் பிறகு கூட்டை அண்டாது. 18 அங்குல நீளமான கம்பிக்கூடே எடுங்கள். கடையிலேயே கதவைத் தூக்கி, கொளுக்கியை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று விழாவிட்டால் வாங்க வேண்டாம். உப்புக்காற்றில் சுருள்கம்பி துருப்பிடிக்கும். ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் போதும்.

பொழுதுபட எல்லாப் பொந்தையும் மூடுங்கள். விடிய எது திறந்திருக்கிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறது. அதன் வாயருகே, மதிலோடு ஒட்டிக் கூட்டை வையுங்கள். அடியில் பலகைத்துண்டு கட்டாயம். மணலில் கூடு புதைந்தால் கதவு இறுகிவிடும். சுட்ட தேங்காய்த் துண்டைக் கம்பியால் கட்டி, முதல் இரண்டு இரவும் கதவைத் திறந்தபடியே விடுங்கள். புதுப்பொருளுக்கு அகழான் பயம். மூன்றாம் இரவு பொறியை ஏற்றலாம்.

கையுறை இல்லாமல் கூட்டைத் தொடாதீர்கள், மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.