வக்கீல் எம்பி ஆகணும்னா லோக்சபாவா ராஜ்யசபாவா?

கோர்ட்லயும் கட்சியிலயும் பேர் எடுத்துட்டு எந்தப் பக்கம் போறதுன்னு குழம்புற வக்கீல்களுக்குத்தான் இது.

வயசு: லோக்சபாவுக்கு 25, ராஜ்யசபாவுக்கு 30.

செலவு: லோக்சபாவுக்கு நம்மூர்ல 95 லட்சம் லிமிட் (பேப்பர்ல, விடுங்க). ராஜ்யசபான்னா தெருத்தெருவா சுத்த வேணாம், ஆனா 6 சீட்டுக்கு எலெக்‌ஷன் நடந்தா 34 எம்எல்ஏ ஓட்டு வேணும், அதாவது கட்சித் தலைமை மனசு வைக்கணும்.

எத்தனை நாள்: லோக்சபால 5 வருஷம், நடுவுல சபையே கலைஞ்சாலும் கலையலாம். ராஜ்யசபால முழுசா 6.

ப.சிதம்பரத்தையே எடுத்துக்கோங்க, சிவகங்கைல 1984ல ஜெயிச்சவரு 1999ல தோத்தாரு, 2009ல வெறும் 3,354 ஓட்டுல தப்பிச்சாரு, கடைசில 2016ல மகாராஷ்டிரால இருந்து ராஜ்யசபா போனாரு. திமுக வக்கீல் பி.வில்சனுக்கு அந்த அலைச்சலே இல்ல, 2019ல நேரா ராஜ்யசபாதான்.

பிராக்டீஸ்: எம்பியா இருந்துட்டே வாதாடலாம்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, ஆனா மந்திரி ஆயிட்டா கவுனைக் கழட்டணும். தொகுதில காதுகுத்து, ரோடு, ரேஷன் கார்டுன்னு ஆளுங்க வாசல்ல நிக்கிற தொல்லை ராஜ்யசபாக்காரருக்குக் கம்மி.

பவர்: பண மசோதாவை (வரி, அரசு செலவு பத்தினது) ராஜ்யசபா 14 நாள்ல திருப்பிடணும், தடுக்கல்லாம் முடியாது.

கேஸை விட மனசில்லாதவங்களுக்கு ராஜ்யசபா. சொந்தமா ஓட்டு பேங்க் வேணும், தலைமையையே நம்பி இருக்க முடியாதுன்னா லோக்சபா.