வென்றவரிடம் வாங்குவதா, கல்லாவில் வாங்குவதா?

கோவையிலிருந்து கேரளம் போகும் வழியில் வாளையாறைத் தாண்டியதும் லாட்டரிக் கடைகள் வரிசையாகத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியோடு லாட்டரி ஒழிந்தது. கேரளத்திலோ 1967இல் அரசே ஆரம்பித்த லாட்டரித் துறை இன்றும் நடக்கிறது. அதனால் கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் முதல் பரிசு, வாளையாறில் வாங்கிய சீட்டொன்றின் மூலம் தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வருக்குப் போனது.

அந்தப் பரிசு ஒரே ஆளுக்கு இன்று விழுந்தால் கைக்கு எவ்வளவு வரும்? முகவர் கமிஷன் பத்து விழுக்காடு என்று வைத்தால், அது முதலில் போய்விடும், மீதி 22.5 கோடி. அதில் 30% வரி, அதாவது 6.75 கோடி, பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வங்கிக்கு வருவது 15.75 கோடி. வென்றவர் இதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுவார். முடியவில்லை. வரியின் மேல் 25% சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, இரண்டையும் கூட்டி அதன் மேல் 4% செஸ் என்று இன்னும் 2 கோடியே இரண்டரை லட்சம் அவரே கட்ட வேண்டும். கடைசியில் நிற்பது ஏறக்குறைய 13.72 கோடி.

"அநியாயம், பாதிப் பணத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். எனக்கு இதில் பெரிய அநியாயம் தெரியவில்லை. ஆண்டுக்கு 22 கோடி சம்பளம் வாங்கும் நிர்வாகியும் புதிய வரிமுறையில் மேல்மட்ட வருமானத்துக்குக் கட்டுவது அதே 39 விழுக்காடுதான். உழைத்தவருக்கும் அதிர்ஷ்டக்காரருக்கும் ஒரே விகிதம் என்றால், குறைப்பட வேண்டியவர் உழைத்தவர்.

அநியாயம் கீழே இருக்கிறது. சித்தாள் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு லட்சம் ரூபாய் விழுகிறது என்று வையுங்கள். அவருடைய ஆண்டு வருமானம் வரி வரம்பின் பக்கத்தில்கூட வராது. அவர் அந்த ஒரு லட்சத்தைக் கூலியாகச் சம்பாதித்திருந்தால் ஒரு ரூபாய் வரி கிடையாது. 12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்கே இப்போது வரி இல்லை. பரிசாக வந்ததால் முதல் ரூபாயிலிருந்து 30%, செஸ்ஸும் சேர்த்து 31,200 ரூபாய். அடிப்படை விலக்கு வரம்பும் இல்லை, தள்ளுபடியும் இல்லை, செலவுக் கழிவும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக அவர் வாங்கிக் கிழித்துப் போட்ட சீட்டுகளின் விலை யார் கணக்கிலும் ஏறாது. அந்தச் சீட்டு விலைக்குள் ஏற்கெனவே ஜி.எஸ்.டி. இருக்கிறது, 2025 செப்டம்பரிலிருந்து அது 40%. வாங்கும்போது ஒரு வரி, வென்றால் இன்னொரு வரி, நடுவில் லாபம் பார்ப்பதும் அரசு.

இந்தக் கடைசி விஷயத்தை வைத்துத்தான் நாடுகளை ஒப்பிட வேண்டும். சூதாட்டப் பணத்தில் அரசு கைவைக்க மூன்று இடங்கள் உண்டு: பந்தயம் கட்டும் கை, ஆட்டத்தை நடத்துபவரின் கல்லா, வென்றவரின் பை. பிரிட்டன் கல்லாவைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கா பையை. இந்தியா எதையும் விடவில்லை.

பிரிட்டனில் லாட்டரி, குதிரை, காசினோ எதில் வென்றாலும் வருமான வரி இல்லை. இது தாராள மனத்தால் வந்த சலுகை அன்று. 1925இல் ஒரு வழக்கு: கிரகாம் என்பவர் வீட்டில் இருந்தபடியே குதிரைகளின் மேல் பந்தயம் கட்டி, அதிலேயே பிழைத்து வந்தார். அது தொழில் ஆகுமா, வரி போடலாமா என்பது கேள்வி. ஆகாது என்று தீர்ப்பளித்தவர் நீதிபதி ரௌலட். ஆம், நம் பாடப்புத்தகத்தில் வரும் ரௌலட் சட்டத்துக்குப் பெயர் கொடுத்த அதே மனிதர்தான். இங்கே விசாரணையின்றி அடைக்கச் சிபாரிசு செய்தவர் அங்கே பந்தயக்காரரை விட்டுவிட்டார். தீர்ப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. பந்தயத்தைத் தொழில் என்று ஒப்புக்கொண்டால் தோற்றவர்கள் எல்லாரும் நட்டக் கணக்கோடு வரிசையில் வந்து நிற்பார்கள். ஆட்டக்காரர்களை மொத்தமாக எடுத்தால் அவர்கள் எப்போதும் தோற்பவர்கள். இல்லையென்றால் நடத்துபவர் எப்படிப் பிழைப்பார்? ஆகவே நட்டத்தை நேர்மையாகக் கழித்தால், வென்றவர்மேல் போடும் வரியில் கஜானாவுக்குப் பெரிதாக எதுவும் தேறாது. லாபம் இருக்கும் இடம் கல்லா மட்டும்தான்.

ஆனாலும் பிரிட்டன் அங்கே உடனே போய்ச் சேரவில்லை. 2001 வரை பந்தயம் கட்டுபவரிடமே 9% கழித்தார்கள். அதற்குத் தப்ப, பந்தயம் வாங்கும் பெரிய புக்கிகள் ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டருக்குக் கடை மாற்றித் தொலைபேசியில் பந்தயம் வாங்க ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் அந்த வரியை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்த லாபத்தில் 15% என்று வைத்தார். இப்போது இணையவழிக் காசினோக்களுக்கான வரி 21 விழுக்காட்டிலிருந்து 2026 ஏப்ரல் முதல் 40 ஆகியிருக்கிறது. நிறுவனங்கள் அந்தச் சுமையைப் பரிசு விகிதத்தைக் குறைத்து ஆட்டக்காரர் தலையில் கட்டும் என்பது உண்மை. கட்டினாலும் அது எல்லார் தலையிலும் சமமாகப் பரவும். வென்ற ஒருவர் தோற்ற ஆயிரம் பேருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 4டி என்ற நான்கு இலக்க லாட்டரி வாங்கும் நம் ஆட்களுக்குப் பரிசு முழுதாகக் கைக்கு வருவதும் இதே வழியில்தான். கனடாவிலும் லாட்டரிப் பரிசுக்கு வரி இல்லை.

அமெரிக்கா வேறு குணம். எங்கிருந்து வந்தாலும் வருமானம் வருமானமே என்பது அவர்கள் நிலை. சம்பளத்தோடு சேர்த்துப் படிநிலைப்படி வரி. நட்டத்தையும் கழிக்கலாம், ஆனால் வென்ற தொகை அளவுக்கு மட்டும். அதுவும் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் நிலையான கழிவை விட்டுவிட்டுச் செலவுகளை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டுபவர்களுக்கு மட்டும். பெரும்பாலானோர் அப்படி எழுதுவதில்லை. அங்கே நடந்த ஒரு வழக்கைச் சொன்னால் விநோதம் புரியும். கிரோட்சிங்கர் என்பவர் 1978இல் வாரத்துக்கு 60 முதல் 80 மணி நேரம் நாய்ப் பந்தயத்துக்காகவே உழைத்தார். வென்றது 70,000 டாலர், கட்டியது 72,032. கையை விட்டுப் போனது 2,032 டாலர். அவரிடமும் கூடுதல் வரி கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1987இல் அது தொழில்தான் என்று அவருக்குச் சாதகமாக முடிந்தது.

2026இலிருந்து நிலைமை இன்னும் கோணலாகிவிட்டது. முந்தைய ஆண்டு ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், நட்டத்தில் 90 விழுக்காட்டைத்தான் கழிக்கலாம் என்கிறது. ஒரு லட்சம் டாலர் வென்று ஒரு லட்சம் தோற்றவர், சம்பாதிக்காத 10,000 டாலருக்கு வரி கட்ட வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரரும் தப்பவில்லை. லாஸ் வேகாசைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் டினா டைட்டஸ் அதைப் பழையபடி நூறு விழுக்காடாக்க மசோதா கொண்டுவந்தார்.

அமெரிக்கர்கள் இந்தப் பத்து விழுக்காட்டுக்காகக் கொதிக்கிறார்கள். நம்மிடம் கழிவு பூஜ்யம். குதிரைப் பந்தயத்தில் ஓராண்டில் நான்கு லட்சம் வென்று நான்கு லட்சம் தோற்றவரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் அவருக்கு வரி இல்லை. அமெரிக்காவில், செலவுகளை எழுதிக் காட்டுபவர் என்றால், 40,000 மட்டும் கணக்கில் வரும். அவர் 22% படியில் இருந்தால் வரி 8,800. இந்தியாவில் 1,24,800. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றமே, தமிழ்நாட்டு வழக்கொன்றில், சொல்லியிருக்கிறது. வருமான வரிச் சட்டத்துக்கு அந்த வேறுபாடு கிடையாது. இதில் என்னைச் சிரிக்க வைப்பது ஒன்று உண்டு: பந்தயக் குதிரையை வைத்திருப்பவர் அதன் பராமரிப்புச் செலவைக் கழிக்கலாம், நட்டத்தை நான்கு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லவும் செய்யலாம். குதிரையின் மேல் பணம் வைத்தவருக்குத்தான் எதுவும் இல்லை.

இந்திய முறைக்கு ஆதரவாக ஒரு நியாயமான வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நட்டத்தை எப்படி நிரூபிப்பது? பந்தய மைதானத்தில் ஓட்டம் முடிந்ததும் தரை முழுக்கத் தோற்ற சீட்டுகள் கிடக்கும். குனிந்து பொறுக்கினால் யார் வேண்டுமானாலும் லட்சக்கணக்கில் "தோற்றிருக்கலாம்". லாட்டரிச் சீட்டிலும் வாங்கியவர் பெயர் இல்லை. சூதாட்டத்தை ஊக்குவிக்கக் கூடாது என்ற வாதத்தைவிட இது எனக்குக் கனமாகப் படுகிறது. ஊக்குவிக்கக் கூடாது என்றால் அரசு விளம்பரம் போட்டுச் சீட்டு விற்காது.

ஆனால் நிரூபிக்க முடிகிற ஒரு இடம் இருந்தது. இணைய விளையாட்டில் ஒவ்வொரு ரூபாயின் வரவும் செலவும் பதிவாகும். 2023இல் அதற்கென்று தனி விதியே வந்தது: எடுத்த பணத்தோடு ஆண்டு இறுதி இருப்பைக் கூட்டி, அதிலிருந்து போட்ட பணத்தையும் தொடக்க இருப்பையும் கழி, மிஞ்சினால் அதற்கு மட்டும் 30%. ஒரே தளத்தில் நான்கு லட்சம் வென்று நான்கு லட்சம் தோற்றவருக்கு வருமான வரி இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் போடும் பணத்தின் மேல் 28% ஜி.எஸ்.டி. வந்து அந்த நிம்மதியைக் குறைத்தது வேறு கதை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. தடைக்குக் காரணங்கள் உண்டு. கடனில் மூழ்கிய குடும்பங்களைத் தமிழ்நாடு நிறையவே பார்த்திருக்கிறது. எப்படியோ, நட்டத்தைக் கணக்கில் எடுத்த ஒரே ஆட்டம் போய்விட்டது. எடுக்காத லாட்டரியும் குதிரையும் சட்டப்படி நடக்கின்றன.

நட்டத்தை நிரூபிக்க முடியாத இடத்தில் வென்றவரைப் பிடிப்பதைவிட நடத்துபவரின் லாபத்தைப் பிடிப்பதே சரி என்பது என் முடிவு. கேரள லாட்டரியில் நடத்துபவரே அரசு என்பதால் அந்தப் பணம் ஏற்கெனவே கஜானாவில்தான் விழுகிறது, மாநிலத்தின் கஜானா. பரிசின் மேல் போடும் வருமான வரியை விதித்து வசூலிப்பது மத்திய அரசு. பம்பர் பரிசுக்கு 39% இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு லட்சம் விழுந்த சித்தாளுக்காவது, எல்லாருக்கும் உள்ள விலக்கு வரம்பைக் கொடுத்தால் என்ன? அதற்குப் பொறுக்கிய சீட்டு எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை. அவருடைய ஆண்டு வருமானம் தெரிந்தால் போதும்.