பாரதி படம்: தகடா, கேன்வாஸா, கண்ணாடிச் சட்டமா?

பாரதியாரை நேரில் வைத்து எடுத்த ஒளிப்படங்களில் நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்துதான் என்பார்கள். பள்ளிக்கூடச் சுவரிலும் நாட்காட்டியிலும் நாம் பார்த்து வளர்ந்த முண்டாசு பாரதி பெரும்பாலும் ஓவியர்கள் கைவண்ணம். அதனால் சுவருக்கு ஒரு பாரதி படம் வேண்டுமென்றால், ஓவியமா ஒளிப்படமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஓவியம் எதில் அச்சிட்டாலும் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். பழைய ஒளிப்படம்தான் படுத்தி எடுக்கும். நான் ஆசைப்பட்டது 1919இல் காரைக்குடியில் எடுத்தது. தாடியும் கையில் தடியுமாக இருப்பாரே, அது.

முதலில் போனது மெட்டல் பிரிண்டுக்கு. ‘உலோக அச்சு’ என்றதும் தகட்டின் மேல் மை பூசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி ஒரு தாளில் அச்சிடுகிறார்கள். வெள்ளைப் பூச்சு கொடுத்த, ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள அலுமினியத் தகட்டின் மேல் அந்தத் தாளைக் கவிழ்த்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடுகிறது. படம் மேலே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்பதால் உரியாது, ஈரத்துணியால் துடைக்கலாம். சில கடைகளில் ‘மெட்டல்’ என்று சொல்லி ஏசிபி ஷீட்டில் (நடுவே பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகை) புற ஊதா ஒளியில் உலரும் யுவி மையால் நேரடியாக அடித்துக் கொடுப்பார்கள். அது கடைப் பெயர்ப்பலகைச் சரக்கு. வெயிலைத் தாங்கும், முகத்துக்குச் சரிவராது.

என் தகடு பளபளப்பு ரகம். பகலில் பிரமாதம். மாலையில் டியூப்லைட்டைப் போட்டால் கவிஞரின் நெற்றிக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு! மூன்று இடம் மாற்றியும் கோடு கூடவே வந்தது. அதைவிட உறுத்தியது நிறம். கறுப்பையும் சாம்பலையும் வண்ணச் சாயங்களைக் கலந்துதான் கொண்டுவருகிறார்கள். கலவை ஒரு பிடி தவறினால் கறுப்பு வெள்ளைப் படம் லேசாகப் பச்சை தட்டும். எனக்குத் தாடி பச்சை தட்டியது. ‘பழைய போட்டோன்னா அப்படித்தான் சார்’ என்றார் கடைக்காரர். அசல் பழைய படங்கள் செம்பழுப்பாகத்தான் மாறும், பாசி பிடிக்காது.

வெள்ளைப் பூச்சே இல்லாமல் உலோகம் தெரியும் தகடு ஒன்றும் உண்டு. வெளிச்சமான இடங்களிலெல்லாம் அலுமினியமே மின்னும். பழைய படத்துக்கு இதுதான் பொருத்தம் என்று விற்பவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள்: 1839இல் பிரான்சில் ஒளிப்படக்கலை வெளியுலகுக்கு வந்ததே வெள்ளிப்பூச்சிட்ட செப்புத் தகட்டில்தானே! உண்மைதான். ஆனால் பாரதி காலத்துப் படங்கள் கண்ணாடித் தகட்டில் எடுத்துக் காகிதத்தில் போட்டவை. அந்த மங்கலும் மென்மையும் காகிதத்துக்குரியவை. அவற்றை அலுமினியத்தில் மின்னவிட்டால் எவர்சில்வர் தட்டில் முகம் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

கேன்வாஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்கூச்சம் கிடையாது, எடை குறைவு, துணியின் நெசவு படத்தின் குறைகளை மறைத்துவிடும். கண்ணின் கூர்மையையும் சேர்த்தே மறைத்துவிடும். ஊதுபத்திப் புகையும் தூசியும் நெசவுக்குள் புகுந்தால் துடைத்து மாளாது.

மிச்சம் இருப்பது நம் பழைய கண்ணாடிச் சட்டம். இதைக் குறைத்துப் பேசுபவர்கள் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். தாத்தா படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்ப் பூஞ்சை பூத்திருக்கும், இராமபாணப் பூச்சி ஓரத்தை அரித்திருக்கும். அந்தப் பழி முழுக்கச் சட்டம் போட்ட விதத்தைத்தான் சேரும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். மவுண்ட் போர்டு என்கிற தடித்த அட்டையை ஜன்னல் போல வெட்டி வைத்தால் அந்த இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். ஒளிப்படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பும் அமையும், பழைய ஸ்டூடியோ அட்டை போல. பின்பக்கத்தைத் தாள் ஒட்டி அடைத்து, சுவரில் ஈரம் ஏறும் இடத்தைத் தவிர்த்தால் கடலோரச் சென்னையிலும் தாங்கும். பருத்தித் தாளில் பிக்மெண்ட் மையால் (நிறமித் துகள் கலந்த மை) அச்சிட்டால் சாம்பல் நிறத்தின் அத்தனை படிகளும் வருகின்றன; தாடியின் கருமையும் கோட்டுத் துணியின் கருமையும் தனித்தனியாகத் தெரிகின்றன. தகட்டில் இரண்டும் ஒன்றாகிக் கிடந்தன. கண்ணாடியும் பிரதிபலிக்கும்தான். ஆனால் சட்டத்தின் மேற்பக்கத்தை ஒரு விரற்கடை முன்னால் சாய்த்து மாட்டினால் விளக்கு தரையோடு போய்விடும். நம் வீடுகளில் சாமி படங்களை எப்போதும் அப்படிச் சாய்த்துத்தான் மாட்டியிருந்தார்கள்.

எதில் அச்சிட்டாலும் கோப்பு மோசமாக இருந்தால் காசு தண்டம். 12க்கு 18 அங்குலம் நறுக்கென்று வர 3600க்கு 5400 பிக்சல் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் 720 பிக்சல் அகலப் படத்தைப் போட்டால் அங்குலத்துக்கு 60 புள்ளிதான் தேறும். கேன்வாஸ் அதை மன்னிக்கும், தகடு ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அதற்காகச் செயலியில் ‘தெளிவாக்கி’ எடுத்துப் போனால் கூர்மையான கண்கள் வரும்; யாருடைய கண்கள் என்றுதான் தெரியாது. நல்ல அச்சிலிருந்து நேராக ஸ்கேன் செய்யுங்கள். இல்லையென்றால் 5க்கு 7 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உரிமைச் சிக்கலைப் பொறுத்தவரை, 1919இல் எடுத்த ஒளிப்படத்துக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஓவியத்துக்கு அப்படி இல்லை. வரைந்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு.

இன்னொன்று, விற்பனைப் பக்கங்களில் இருக்காது: மாலை. டிசம்பர் 11 அன்று எங்கள் வீட்டில் பாரதிக்குப் பூ உண்டு, நெற்றியில் சந்தனப் பொட்டும் உண்டு. சட்டமில்லாத தகடு பின்னால் ஒட்டிய கட்டையின் பலத்தில் சுவரைவிட்டு அரை அங்குலம் தள்ளி மிதப்பது போல நிற்கும். அழகுதான். ஆனால் மாலையை எதில் மாட்டுவது? ஓரத்தில் செருகினால் வழுக்குகிறது. கேன்வாஸில் சந்தனம் வைத்தால் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும்.

காரைக்குடிப் படம் இப்போது கூடத்தில் கண்ணாடிக்குள், மேற்பக்கம் சாய்ந்தபடி இருக்கிறது. சமையலறை வாசலில் முண்டாசு ஓவியம், பளபளப்பில்லாத மேட் தகட்டில். வடை சுட்ட எண்ணெய்ப் பிசுக்கு ஏறினாலும் ஒரே துடைப்பில் போய்விடுகிறது. பச்சைத் தாடித் தகட்டைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கிறேன்.