எதைக் கொடுத்து எதைப் பெறுவது: பலர் கண்ணில் படாத நான்கு ஆர்.பி.ஜி. விளையாட்டுகள்

2023ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டின் மாலைப் பொழுதை மின்வெட்டு அட்டவணைதான் ஆண்டது. கைப்பேசியில் அட்டவணையைப் பார்த்த பிறகுதான் உலை வைப்பதும் துணி துவைப்பதும் நடந்தன. விளையாட்டுக்கும் அதே விதிதான். பெரிய நிறுவனங்களின் ஆர்.பி.ஜி. விளையாட்டு (ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் வகை) ஒன்றைத் தரவிறக்கி முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிடும் என்ற நிலையில், சிறிய குழுக்கள் உருவாக்கிய விளையாட்டுகளின் பக்கம் நான் திரும்பினேன். அது விருப்பத்தால் செய்த தேர்வன்று. ஆனால் மின்சாரம் சீரடைந்த பின்னரும் திரும்பிப் போக மனம் வரவில்லை.

'அண்டர்டேல்', 'டிஸ்கோ எலிசியம்' போன்றவையும் சுயாதீனமாக உருவானவையே என்றாலும் அவற்றுக்கு இன்று அறிமுகம் தேவையில்லை. இங்கே அருகருகே வைத்துப் பார்க்க விரும்புபவை வேறு நான்கு: கேப் டவுனைச் சேர்ந்த கியூ.சி.எஃப். டிசைன் உருவாக்கிய 'டெஸ்க்டாப் டஞ்சன்ஸ்', கேமரூனின் யவுண்டே நகரில் கிரோ'ஓ கேம்ஸ் உருவாக்கிய 'ஆரியன்: லெகசி ஆஃப் தி கோரி-ஓடான்', அமெரிக்காவின் வேர்ல்ட்வாக்கர் கேம்ஸ் வெளியிட்ட 'வைல்டர்மித்', மாரல் ஆங்சைட்டி ஸ்டுடியோ உருவாக்கிய 'ரோட்வார்டன்'. ஒன்றுக்கொன்று தோற்றத்தில் சற்றும் ஒட்டாத இவற்றை ஒரே தராசில் நிறுத்துவதற்கு எனக்கு இருக்கும் படிக்கல் ஒன்றுதான்: நான் எடுக்கும் முடிவுக்கு இந்த விளையாட்டு என்னிடமிருந்து என்ன விலை கேட்கிறது? விலை கேட்காத விளையாட்டில் நான் ஏற்றிருக்கும் பாத்திரம் வெறும் வேடமாகவே நின்றுவிடுகிறது.

முதலில் 'ஆரியன்'. 2016 ஏப்ரலில் வெளிவந்த இந்த விளையாட்டை நம் கண்டத்திலேயே உருவானது என்பதற்காகவே ஆவலோடு வாங்கினேன். சாமா நாட்டின் இளவரசன் என்சோ, முடிசூட வேண்டிய நாளிலேயே மைத்துனனின் சூழ்ச்சியால் அரியணையை இழந்து, மனைவி எரினுடன் நாடு விட்டு வெளியேறுகிறான். ஆரியன் என்பது முன்னோர்களிடமிருந்து வழிவழியாகத் திரண்டு வரும் ஆற்றல். என்சோ போரிடும்போது அதையே அழைக்கிறான். (நம் காதில் வேறு பொருளில் விழும் சொல் இது, அந்தப் பொருளுக்கும் இந்த விளையாட்டுக்கும் தொடர்பில்லை.) கதை எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை என்பதுதான் உண்மையில் அதன் பெருமை. என் பூட்டனார் நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவரைப் பற்றி எங்கள் குடும்பத்திடம் எஞ்சியிருப்பது கப்பல் பட்டியலில் ஓர் எண்ணும் ஓர் ஊரின் பெயரும் மட்டுமே. முன்னோரின் நினைவே பலம் என்று ஓர் ஆப்பிரிக்க விளையாட்டு சொல்லும்போது, குலதெய்வத்துக்குப் படையல் போடும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அது உறைக்காமல் இருக்காது.

ஆயினும் என் படிக்கல்லை வைத்தால் தராசு எழும்பிவிடுகிறது. பக்கவாட்டுக் காட்சியில் விரைவாக அடித்து ஆடும் சண்டைகளில், முன்னோரின் ஆற்றல் வண்ண வெளிச்சமாகவும் கூடுதல் பலமாகவும் வருகிறதே தவிர, அதை அழைப்பதற்காக நான் எதையும் இழப்பதில்லை. மரபு ஒரு சுமையும்தான் என்பதைப் பாத்திரங்கள் வாயால் சொல்கின்றன, அதுவும் மிக நீண்ட உரையாடல்களில். என் விரல்களுக்கு அது எட்டவில்லை. ஓவியங்களுக்காகவும், கணவனும் மனைவியும் சரிநிகராகப் பேசிக்கொண்டு பயணம் செய்யும் அரிய காட்சிக்காகவும் இதை ஒருமுறை பார்க்கலாம். பிரெஞ்சு மொழியிலும் கிடைப்பதால் மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் இருக்கும் உறவினர்களுக்கு நான் முதலில் சொல்வது இதையே.

அதே மரபு என்ற கருவை 'வைல்டர்மித்' வேறு விதமாகக் கையாளுகிறது. 2021 ஜூனில் முழுமையாக வெளிவந்த இதில், காகிதத்தில் வெட்டி ஒட்டியது போன்ற உருவங்கள், சித்திரக்கதைக் கட்டங்களில் நகரும் கதை, முறை வைத்து ஆடும் சண்டை எல்லாம் இருக்கின்றன. தொடக்கத்தில் உங்களிடம் இருப்பவர்கள் சாதாரண உழவர்கள். அவர்கள் வீரனாகவோ வேட்டையாளாகவோ மந்திரக்காரராகவோ மாறுகிறார்கள், நட்பு, காதல், போட்டி வளர்கிறது, அத்தியாயங்களுக்கு இடையே அமைதியான ஆண்டுகள் கழிகின்றன, தலை நரைக்கிறது, பிள்ளைகள் வளர்ந்து படையில் சேருகிறார்கள். சண்டையில் ஒருவர் வீழும் தருணத்தில் விளையாட்டு உங்களிடம் நேராகக் கேட்கிறது: கடைசி அடியை ஓங்கி அடித்துவிட்டு உயிரை விடுவதா, அல்லது ஓர் அங்கத்தை இழந்து உயிரோடு தப்புவதா? தப்பியவர் மீதிக் கதை முழுவதும் ஒரு கையோடு வருவார். என்சோவின் முன்னோர் எனக்குச் சொல்லப்பட்டவர்கள்; இங்கே முன்னோரை நானே உண்டாக்குகிறேன். ஒரு கதை முடிந்ததும் அதன் நாயகர்கள் மரபுப் பட்டியலில் இடம்பெற்று, பின்னர் வேறொரு கதையில் திரும்பவும் வரலாம். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்துப் படையல் வைத்த நடுகல் வழக்கம் நினைவுக்கு வந்தது.

என் தங்கை மகன், பதினான்கு வயது, தான் வளர்த்த வேட்டைக்காரி ஒருத்தியைச் சாகவிட மனமில்லாமல் காலை இழக்கச் செய்துவிட்டு, "மாமா, தப்பு செஞ்சிட்டேனா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான். அவனை அப்படிக் கேட்க வைத்த வேறொரு விளையாட்டை நான் பார்க்கவில்லை. குறை இல்லாமல் இல்லை. நிகழ்ச்சிகள் முன்பே எழுதி வைக்கப்பட்டு, அவ்வப்போது கலைத்து அடுக்கப்படுபவை. நான்கைந்து முறை ஆடியதும், முன்பு ஒருவனுக்கு நேர்ந்த அதே வியப்பு இன்னொருத்திக்கு அப்படியே நேர்வதைக் காண்கிறோம். அப்போது அந்த மாயம் கொஞ்சம் வெளுத்துப்போகிறது. சண்டையும் முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு பெரிதாக ஆழம் கொள்வதில்லை. இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் தயக்கமின்றி 'வைல்டர்மித்' என்பேன்.

செர்பியாவிலிருந்து 2015இல் வந்த 'அண்டர்ரெய்ல்' பற்றியும் இங்கே எழுத எண்ணியிருந்தேன். எதிரிகளைக் கொன்று குவிப்பதற்கு மாறாக அரிய பொருள்களைத் தேடிக் கண்டெடுப்பதன் மூலமும் அனுபவப் புள்ளி பெறலாம் என்ற அதன் ஏற்பாடு நேர்த்தியானது. ஆனால் அது பல வாரங்களை விழுங்கும் விளையாட்டு; வேலைக்குப் போகிறவர்களுக்கு இரக்கம் காட்டாது. அதை விட்டுவிடுகிறேன்.

மீதி இரண்டுக்கும் இடையேதான் எனக்கு உண்மையான இழுபறி.

'டெஸ்க்டாப் டஞ்சன்ஸ்' 2010இல் இலவச முன்வடிவாக வெளிவந்தது. அந்த நிலையிலேயே சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் 2011ஆம் ஆண்டு சிறந்த வடிவமைப்புக்கான விருதைப் பெற்றது. முழு வடிவம் 2013இல் வந்தது. ஒரு நிலவறை என்பது இருபதுக்கு இருபது கட்டங்கள் கொண்ட ஒரு சதுரம். ஆட்டம் தொடங்கும்போது அதன் பெரும்பகுதி இருளில் மூடியிருக்கும். எதிரிகள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். அடித்தால் என்ன ஆகும் என்பதை அடிப்பதற்கு முன்பே திரை சொல்லிவிடும். தாயக்கட்டை உருட்டும் அதிர்ஷ்டத்துக்கு இங்கே அதிக வேலையில்லை. அதன் நுட்பம் முழுவதும் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. இருளில் இருக்கும் ஒரு கட்டத்தைத் திறந்தால் உடல்நலமும் மந்திர ஆற்றலும் சிறிது திரும்பக் கிடைக்கும். அதாவது, பார்க்காத இருள்தான் உங்கள் கையிருப்பு. அவசரப்பட்டு எல்லாவற்றையும் திறந்து பார்த்தவனுக்குப் பத்தாம் படிநிலையில் இருக்கும் எதிரிகளின் தலைவனோடு மோதும்போது மருந்து இருக்காது. போதாக்குறைக்கு, நீங்கள் ஒரு கட்டத்தைத் திறக்கும்போது காயம்பட்ட எதிரியும் சிறிது தேறிக்கொள்கிறான். படிநிலை உயரும்போது உடலும் ஆற்றலும் முழுமையாக நிரம்பும் என்பதால், தலைவனைப் பாதி அடித்து நிறுத்திவிட்டு, ஒதுக்கி வைத்திருந்த சிறு எதிரி ஒருவனைக் கொன்று படியேறி, புதுத் தெம்போடு திரும்பி வந்து தலைவனை முடிப்பது இந்த விளையாட்டின் மிக இனிமையான கணக்கு.

மின்வெட்டுக்கு முந்தைய இருபது நிமிடத்தில் ஒரு நிலவறையை முடித்துவிடலாம் என்பது எங்களுக்குப் பெரிய வசதியாக இருந்தது. இருளைச் சேமிக்கச் சொல்லும் விளையாட்டை, இருட்டப் போகும் வீட்டில் உட்கார்ந்து ஆடுவது ஒரு வேடிக்கைதான். 2023இல் இதே குழுவினர் 'டெஸ்க்டாப் டஞ்சன்ஸ்: ரீவைண்ட்' என்ற பெயரில் முப்பரிமாணத்தில் மறுபடியும் உருவாக்கினார்கள், அதில் செய்த தவறுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிப் போக முடியும். புதிதாக வருபவருக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. எனக்கோ பழையதே பிடித்திருக்கிறது, ஏனெனில் திறந்த கட்டத்தை மூட முடியாது என்பதில்தான் அதன் உயிர் இருப்பதாக நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் நான் யாராகவும் ஆவதில்லை. குள்ளனோ மந்திரவாதியோ, எல்லோரும் கணக்கின் வெவ்வேறு குறிகள். விலை துல்லியமாக இருக்கிறது, வாங்குபவர்தான் இல்லை.

'ரோட்வார்டன்' இங்கேதான் முந்துகிறது. 2022 செப்டம்பரில் வந்த இது ஏறத்தாழ முழுவதும் எழுத்தால் ஆனது. பக்கத்தில் பழுப்பு நிறச் சாயலில் பிக்சல் ஓவியங்கள், சில இடங்களில் நாமே ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டிய தேவை, அவ்வளவுதான். நகரத்து வணிகர் சங்கம் ஒன்று உங்களைக் காவல் வழிப்போக்கராக நியமித்து, காடு மூடிய ஒரு தீபகற்பத்துக்கு அனுப்புகிறது. பாதைகளைக் காப்பது உங்கள் வேலை. அதோடு, அந்த ஊர்களால் சங்கத்துக்கு என்ன ஆதாயம் என்பதையும் கண்டறிந்து சொல்ல வேண்டும். உங்களுக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் காணாமல் போயிருக்கிறார். இயல்பான கடின அளவில் ஆடினால் உங்களுக்கு 40 நாள்கள். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நடப்பதற்குப் பகல் செலவாகும். இருட்டும்முன் கூரை தேட வேண்டும். பசி, காயம், கவசத்தின் நிலை, ஏன், உடல் தூய்மைகூடக் கணக்கில் வரும், அழுக்கோடு போனால் ஊரார் முகம் சுளிப்பார்கள். 40 நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்க முடியாது. யாருக்கு உதவுவது என்று தீர்மானிக்கும் போதெல்லாம் யாரைக் கைவிடுவது என்பதையும் தீர்மானிக்கிறீர்கள்.

இந்த இரண்டாவது கணக்கு 'டெஸ்க்டாப் டஞ்சன்ஸ்' தரும் கணக்கைவிடக் கடினமானது, ஏனெனில் இதில் விடை முன்கூட்டித் திரையில் தெரிவதில்லை. அங்கே செலவாவது இருள், இங்கே பகல். அங்கே தோற்றால் பத்து நிமிடம் போகும். இங்கே தவறினால், கேட்ட உதவி கிடைக்காத ஒரு குடும்பத்தின் முகம் கடைசிவரை கூட வரும். இன்னொன்றும் உண்டு, இது என் ஊருக்கே உரிய வாசிப்பாக இருக்கலாம்: தோட்டக்காரர்களின் தேவைக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த ஒருவன், வணிகர் சங்கத்தின் சம்பளத்தில் ஓர் ஊரை 'மதிப்பிட' அனுப்பப்படும் பாத்திரத்தை ஏற்கும்போது, அந்த வேலையின் நாற்றம் அவன் மூக்குக்கு உடனே எட்டிவிடுகிறது. விளையாட்டு இதைப் பற்றி உபதேசம் செய்வதில்லை. ஊரார் ஏன் நம்மை நம்பவில்லை என்பதை நாமே புரிந்துகொள்ளும்வரை காத்திருக்கிறது.

பேச்சில் எந்தத் தொனியை எடுப்பது என்பதும் அதன் முக்கியமான கருவி. நட்பு, குறும்பு, விலகல், மிரட்டல், மனந்திறத்தல் என ஐந்து வழிகள் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் சரியான வழி மாறும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான் என்பதால் ஆசிரியருக்கு இந்த ஐந்து பொத்தான்கள் தேவைப்பட்டிருக்கலாம். 'நீ', 'நீங்கள்', 'ஐயா', 'தம்பி' என்பவற்றில் எதை எடுக்கிறோம் என்பதிலேயே பாதிப் பேச்சு முடிந்துவிடும் மொழியில் இது எழுதப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம், கிழவர் ஒருவரிடம் வழி கேட்கும் காட்சி ஒன்றை இந்த ஐந்து தொனியிலும் தமிழில் எழுதச் சொன்னேன். மிரட்டல் எல்லோருக்கும் உடனே வந்தது. மனந்திறத்தல்தான் யாருக்கும் வரவில்லை.

குறை என்றால், இதன் ஆங்கிலம் அடர்த்தியானது. வாசிப்பில் பொறுமை இல்லாதவர்கள் முதல் நாளிலேயே மூடிவிடுவார்கள். அவர்களிடம் இதைத் திணிக்க வேண்டாம், 'வைல்டர்மித்' கொடுங்கள். கணக்குப் புதிரில் மகிழ்பவருக்கு 'டெஸ்க்டாப் டஞ்சன்ஸ்'. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத என் பழைய மடிக்கணினியில் நான்கும் தடையின்றி ஓடின. விலையைப் பொறுத்தவரை, ராண்ட் மதிப்பு ஏறி இறங்கும் நாட்டில் தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருப்பதே நல்லது. நான்கில் எதற்கும் நான் முழு விலை கொடுத்ததில்லை.

'ரோட்வார்டனை' முதல்முறை வீரனாக ஆடினேன். இப்போது கல்விமானாகத் தொடங்கி, பதின்மூன்றாம் நாளில் நிற்கிறேன். போன முறை யாரைக் கைவிட்டேனோ அவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் போனேன்.